பினாங்கிலிருந்து டிக்ரேக்கு

பட்டர்வொர்த்

பட்டர்வொர்த் துறையில் படகேறி உட்கார்ந்தால் பினாங்குத் தீவு எதிரிலேயே நிற்கிறது. கொம்தார் கோபுரம், அதன் பின்னால் மேகம் கவிந்த குன்றுகள், கரையோரம் சிவப்பு ஓட்டுக் கூரைகள். கார்களையும் லாரிகளையும் ஏற்றிக்கொண்டு மெல்ல ஊர்ந்த பழைய இரட்டைத் தட்டுப் படகுகள் போய்விட்டன; இப்போது ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டும் ஏற்றும் புதிய படகுகள். கால் மணி நேரத்துக்குள் அக்கரை வந்துவிடுகிறது.

பக்கத்து இருக்கைப் பெரியவர் என் கையிலிருந்த தமிழ் வார இதழைப் பார்த்துவிட்டு, "ஊருலேருந்து வர்றீங்களா தம்பி?" என்றார். மலேசியத் தமிழர்களுக்கு ஊர் என்றால் தமிழ்நாடுதான், மூன்று தலைமுறை ஆனாலும். அவர் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நின்று, பால்மரம் வெட்டப் போன அப்பா அம்மாவைப் பற்றிச் சொன்னார். "இப்ப அந்தத் தோட்டமே இல்ல. மரத்தையெல்லாம் சாச்சிட்டு வீடு கட்டிட்டாங்க. சனம் டவுன் பக்கம் போயிருச்சு."

எதற்காக வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். கோவையில் வேளாண்மை படித்து முடித்த நண்பரின் மகள், கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றுக்குத் தன்னார்வலராகப் போக ஆசைப்படுகிறாள். இரண்டு வாரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு அழைத்துப்போகும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசலாம், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். "போகட்டுமா மாமா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. வெளியிலிருந்து வந்த ஒரு கைவேலை ஆப்பிரிக்கக் கிராமத்தில் நிஜமாகவே வேரூன்றிய ஒரு கதை எனக்குத் தெரியும். அதற்குத் துணை நின்ற அமைப்பு இந்தத் தீவில் இருக்கிறது. அந்த அமைப்பைப் பெற்றெடுத்த ஊரைக் கண்ணால் பார்க்கத்தான் புறப்பட்டேன்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு என்னா வேல தெரியும்?" என்றார். அதைவிடச் சரியான முதல் கேள்வி வேறு இருக்க முடியாது.

லெபோ பசார்

லெபோ பசாரும் லெபோ குயினும் சந்திக்கும் இடத்தில் மல்லிகை, சாம்பிராணி, கொதிக்கும் எண்ணெய் மூன்றும் கலந்த மணம். ஒலிபெருக்கியில் புதிய படப் பாட்டு. புடவைக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை. 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலின் கோபுரம் எல்லாவற்றுக்கும் மேல். காரைக்குடிக் கடைத்தெருவில் நடப்பதாகவே தோன்றும், சீன எழுத்துப் பலகை ஒன்று கண்ணில் படும்வரை. கொஞ்சம் தள்ளி, பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் 1801இல் தொடங்கி வைத்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சூலியா தெருவில் நாகூர் தர்கா. நம் சோழமண்டலக் கரை முழுவதும் இங்கே சில தெருக்களுக்குள் அடங்கியிருக்கிறது.

2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. சுற்றுலாக்காரர்கள் சுவரோவியங்களின் முன் வரிசையில் நிற்கிறார்கள். இந்த நகரத்தின் பழைய சாலைகளை நிரவி, சதுப்பைத் தூர்த்தவர்களில் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கைதிகள் ஏராளம். அவர்களுக்கு ஓர் ஓவியமும் இல்லை. கைத்திறன் கடல் கடந்த கதையில் விருப்பத்தோடு போனவர்களைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம். விருப்பமில்லாமல் அனுப்பப்பட்டவர்களும் தங்கள் திறனைக் கொண்டுபோய் ஓர் ஊரையே எழுப்பினார்கள்.

மத்தியானம் நாசி கண்டார். துறைமுகக் கூலிகளுக்காகத் தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் குழம்புமாகத் தோளில் தண்டு வைத்துச் சுமந்து விற்ற உணவு. இப்போது கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு குழம்புகள். பரிமாறுகிறவர் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, வெண்டைக்காய் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினார். தனித்தனியாக ஊற்றச் சொன்னால் ருசி வராது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. எதிர் மேசையில் ஒரு சீனக் குடும்பமும் ஒரு மலாய் இளைஞனும் அதே தட்டை அதே வேகத்தில் காலி செய்துகொண்டிருந்தார்கள். இராமநாதபுரத்துக் கையில் பிறந்த சமையலை இவ்வளவு பேர் தங்களுடையது என்று உரிமையோடு சாப்பிடுவதைப் பார்க்க நெஞ்சு நிறைந்தது.

ஜாலான் மஸ்ஜித் நெகிரி

இந்தச் சாலையில் இருக்கும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 1969இல் தொடங்கியது. அதை அரை நூற்றாண்டு நடத்தியவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ். 1926இல் தமிழ் மண்ணில் பிறந்து, சிறுவயதில் பினாங்கு வந்து, வணிகராகி, நகராட்சி உறுப்பினராகி, பிறகு வாழ்நாள் முழுவதையும் இந்தச் சங்கத்துக்கே கொடுத்தவர். 2019 மே மாதம் தமது 92ஆம் வயதில் காலமானார். பயனீட்டாளர் சங்கம் என்றதும் எடை குறைந்த அரிசி மூட்டை, காலாவதியான பிஸ்கட் என்று நாம் நினைப்போம். இத்ரிஸ் அதை அங்கே நிறுத்தவில்லை. மீனவரின் கடல், தோட்டத்துக் குடிசையின் குடிநீர், வயலில் தெளிக்கும் விஷம் எல்லாமே பயனீட்டாளர் பிரச்சினை என்றார். சங்கத்தின் இதழ் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. 1970களின் பிற்பகுதியில் இதன் தோழமை அமைப்பாக சகாபாட் ஆலம் மலேசியா பிறந்தது. சரவாக் காடுகளைக் காக்கப் போராடியதற்காக அதற்கு 1988இல் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 1982இல் பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான உலகக் கூட்டமைப்பு உருவானதும் பினாங்கில்தான். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவரான அன்வர் பசால் இந்தச் சங்கத்தின் தொடக்க கால ஆள்.

சங்கம் இயற்கை வேளாண்மையையும் வீட்டுத்தோட்டத்தையும் நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறது. இங்கே பயிற்சி பெற்ற ஓர் அம்மாவைச் சந்தித்தேன். வயது அறுபதுக்கு மேல். அடுக்குமாடி வீட்டின் நடைவழியில் பழைய பெயின்ட் டப்பாக்களில் கத்தரி, பொன்னாங்கண்ணி, மிளகாய் வளர்க்கிறார். மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறவைத்த கரைசலை மூடி திறந்து காட்டினார். நாற்றம் இல்லை; பழம் புளித்த வாசம். எங்கள் பக்கத்தில் கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தைப் பற்றிச் சொன்னேன். "அதுவும் தெரியும் தம்பி. மாட்டுக்கு எங்க போறது? அதான் மீனு" என்றார்.

அவர் கதையை மெதுவாகத்தான் சொன்னார். இளம் வயதில் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. முதுகில் டப்பா, காலில் செருப்புகூடச் சரியாக இல்லை. வாய்க்குத் துணி கட்டினால் வெக்கையில் மூச்சு முட்டும். நகம் கருத்து விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் வந்த நாள்களும் உண்டு. பாரகுவாட் என்ற களைக்கொல்லியின் பெயர் அவருக்கு அப்போது தெரியாது. தெனகனித்தா அமைப்பும் பினாங்கில் இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்புக் கூட்டமைப்பும் சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டன. அந்த வேலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அதே ஆண்டு அரசு பாரகுவாட்டுக்குத் தடை அறிவித்தது; 2006இல் அதைத் தளர்த்தியது; கடைசியில் 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் எத்தனை பெண்களின் முதுகில் அந்த டப்பா ஏறி இறங்கியிருக்கும் என்று நினைக்க மனம் கொதிக்கிறது.

இப்போது அந்த அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு மீன் கரைசல் செய்யக் கற்றுக்கொடுக்கிறார். யாரும் அவரைத் தன்னார்வலர் என்று அழைப்பதில்லை.

மெக்கலிஸ்டர் சாலை

பெரிய மரங்களும் பழைய பங்களாக்களும் நிறைந்த சாலை. 1984இல் பினாங்கில் கூடிய மாநாடு ஒன்றிலிருந்து பிறந்த மூன்றாம் உலக வலையமைப்பின் முகவரி இங்கேதான். இத்ரிஸ்தான் இதற்கும் தலைவராக இருந்தார். பினாங்கிலேயே பிறந்த பொருளியலாளர் மார்ட்டின் கோர் இதை நெடுங்காலம் நடத்தி, 2020இல் மறைந்தார்.

என்னை இங்கே இழுத்துவந்த கதை எத்தியோப்பியாவின் வடகோடியில், டிக்ரேயில் நடந்தது. மேட்டுநிலம், மழை குறைவு, அதுவும் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும், மேல்மண் அரித்துப்போன சரிவுகள். 1990களில் அங்கே அரசாங்கம் ரசாயன உரத்தைக் கடனாகக் கொடுத்துப் பரப்பியது. மழை பொய்த்த ஆண்டில் விளைச்சலும் போய், கடன் மட்டும் தலையில் நின்றது. தெவொல்டே பெர்ஹான் என்ற தாவரவியலாளர், அத்வா பக்கத்துக்காரர், எத்தியோப்பியாவின் சுற்றுச்சூழல் ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர். மட்கு உரத்தாலேயே இந்த மண்ணை மீட்க முடியும் என்று நம்பினார். இந்தப் பினாங்கு வலையமைப்பு துணை நிற்க, 1996இல் நான்கு கிராமங்களில் வேலை தொடங்கியது.

அதைக் களத்தில் நடத்தியவர்களில் முக்கியமானவர் அவருடைய மனைவி சூ எட்வர்ட்ஸ். ஆங்கிலேயப் பெண். 1968இல் அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த எத்தியோப்பியா போனார். பிறகு அந்த நாடே அவருடையதாகிவிட்டது. அந்நாட்டுத் தாவரங்களின் பெருந்தொகுப்பைப் பதிப்பித்தவர்களில் ஒருவர். 2018இல் மறைந்தார். வெளிநாட்டுத் தன்னார்வலர் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார். அரை நூற்றாண்டு தங்கிய ஒருவரை அந்தச் சொல்லுக்குள் அடக்க முடியாது என்பதும் தெரியும்.

அந்த நான்கு ஊர்களில் என்ன செய்தார்கள்? குழி வெட்டி, காய்ந்த தட்டை, களை, சாணம், சாம்பல், மண் என்று அடுக்கி மட்கவைத்தார்கள். வெள்ளம் அரிக்காமல் சரிவில் வரப்புப் போட்டார்கள். சித்தகத்தி நட்டார்கள், கால்நடைக்குத் தழை, மண்ணுக்குத் தழைச்சத்து. அறுவடை முடிந்ததும் மாடுகளை அவிழ்த்துவிடும் பழக்கத்தை ஊரே கூடி, தங்கள் சொந்த ஊர்க்கட்டுப்பாட்டின் மூலம் ஒழுங்குபடுத்திக்கொண்டது. புல்லை அறுத்துக்கொண்டுபோய்ப் போடுவது என்று முடிவானது. ஆண் துணையில்லாத பெண்கள் நடத்தும் குடும்பங்களையும் முதலிலிருந்தே சேர்த்தார்கள். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அளந்த முறை. விவசாயியின் வயலில், விவசாயி காட்டிய இடத்தில், அவரும் கூடவே நின்று, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கதிரை அறுத்து எடை போட்டார்கள். எதுவும் இடாத வயல், மட்கு இட்ட வயல், ரசாயன உரமிட்ட வயல் மூன்றையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டார்கள். பார்லி, கோதுமை, டெஃப், மக்காச்சோளம் போன்ற பெரும்பாலான பயிர்களில் மட்கு இட்ட வயல், எதுவும் இடாத வயலைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு கொடுத்தது. ரசாயன உரத்துக்கு ஈடாகவோ அதற்கு மேலாகவோ நின்றது. ஒரு முறை இட்ட மட்கு அடுத்த ஆண்டும் பலன் கொடுப்பதை விவசாயிகளே கவனித்துச் சொன்னார்கள். நான்கு ஊர்களின் வேலை பிறகு மாவட்டங்களுக்கும் அரசின் திட்டங்களுக்கும் பரவியது.

சூ எட்வர்ட்ஸும் எத்தியோப்பிய ஆய்வாளர் ஹைலு அராயாவும் எழுதிய மட்கு உரக் கையேட்டில் இரண்டு ஊர்ப்பெயர்கள் உண்டு: இந்தூர், பெங்களூர். 1905இல் இந்தியாவுக்கு வந்த ஆல்பர்ட் ஹோவார்ட், அரசின் பொருளாதாரத் தாவரவியலாளராக வந்தவர்தான். நம் குடியானவர்களின் வயலைப் பார்த்து, அவர்களே தம் ஆசிரியர்கள் என்று ஏற்றுக்கொண்டார். 1924க்குப் பிறகு இந்தூரில் ஏழு ஆண்டு உழைத்து, கிராமத்து எருக்குழியைச் செம்மைப்படுத்தியதே இந்தூர் முறை. பெங்களூரில் சி.என். ஆச்சார்யா தண்ணீர் குறைந்த இடத்துக்கேற்ற இன்னொரு முறையை வகுத்தார். மத்திய இந்தியாவின் பெயர் தெரியாத ஒரு குடியானவர் கைப்பாடாக வைத்திருந்த வேலை, ஓர் ஆங்கிலேயரின் குறிப்பேட்டில் ஏறி, பெங்களூரில் மாறி, பினாங்கு நீட்டிய கையால் டிக்ரேயின் கல்மேட்டில் பார்லி விளைய வைத்திருக்கிறது. இதில் யார் கொடுத்தவர், யார் பெற்றவர்?

நண்பரின் மகள் ஆசைப்படும் பயணத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. 1958இல் பிரிட்டன் தன் இளைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் தன்னார்வத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் குழு போன இடங்களில் சரவாக்கும் கானாவும் உண்டு. அமெரிக்க அமைதிப்படையினர் 1962 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் மலேசியாவில் பணியாற்றினார்கள். பள்ளிகளில் அறிவியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்த அந்த இளைஞர்களை இன்றும் அன்போடு நினைக்கும் முதியவர்களைப் பார்த்தேன். அவர்கள் இரண்டாண்டு தங்கினார்கள், மலாய் படித்தார்கள், ஊர்ச் சோறு தின்றார்கள். அந்தக் காலம் இரண்டு வாரமாகச் சுருங்கி, போகிறவரே பணம் கட்டுவதாக மாறியது எனக்கு ஒப்பவில்லை. உள்ளூர் கொத்தனார் ஒரு நாளில் பூசும் சுவரைப் பழகாத கைகள் பூசிவிட்டுப் போவதால் அந்தக் கொத்தனாருக்குக் கூலிதான் போகிறது.

டிக்ரேயில் 2020 நவம்பரில் போர் மூண்டது. இரண்டு ஆண்டு பசியும் சாவும். தெவொல்டே 2023 மார்ச்சில் காலமானார். உரமூட்டை ஏற்றிய லாரி வராத காலத்திலும் குழியில் மட்குவதற்குக் களையும் சாம்பலும் இருந்திருக்கும் என்று நம்ப விரும்புகிறேன்.

பாலிக் புலாவ்

மலையைச் சுற்றிக்கொண்டு தீவின் மேற்குப் பக்கம் இறங்கினால் நகரம் அறுந்துபோகிறது. டுரியான் தோப்பு, ஜாதிக்காய், கிராம்பு, தட்டையான நெல்வயல். ஜாதிக்காயும் கிராம்பும் கிழக்கிந்தியக் கம்பெனி மலுக்கு தீவுகளிலிருந்து கொண்டுவந்து நட்டவை. சந்தையோரக் கடையில் அசாம் லக்சா. மீனும் புளியும் சேர்ந்த சாறு, தடித்த அரிசி நூடுல், மேலே புதினாவும் அன்னாசித் துண்டும். முதல் வாயிலேயே எங்கள் மீன் குழம்பின் புளிப்பு தெரிந்தது. கூடவே ஜாதிக்காய்ச் சாறு குடித்தேன். வெயிலுக்கு அதைவிட நல்லது கிடையாது. பழத்தோட்டம் வைத்திருக்கும் சீனர் ஒருவர் டுரியான் மரத்தடியில் குவித்த சருகைக் காட்டி, அதை எரிப்பதை நிறுத்தியபின் மண் குளிர்ந்ததாகச் சொன்னார்.

சுங்கை ஆச்சே

2014இல் திறந்த இரண்டாவது பாலம், கரையும் கடலுமாக 24 கிலோமீட்டர். அதைக் கடந்து தெற்கே போனால் நிபோங் திபால் வட்டாரம். சுங்கை ஆச்சே பக்கம் பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தின் கண்டல் நாற்றங்காலும் கல்வி மையமும் உள்ளன. சகாபாட் ஆலம் மலேசியாவின் துணையோடு 1990களில் அமைந்த சங்கம். இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் காடுகள் அழிந்தன. இழுவைப் படகுகள் கரைவரை வந்து வாரின. சிறு படகுக்காரர்களின் வலையில் மீன் குறைந்தது. காரணம் என்னவென்று அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டிருக்காமல், அவர்களே கண்டல் நடத் தொடங்கினார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பினாங்கில் ஐம்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்ற பிறகுதான், இவர்கள் செய்துவந்த வேலையின் மதிப்பு வெளியுலகத்துக்குப் புரிந்தது.

இங்கே வெளிநாட்டு மாணவர்களும் தன்னார்வலர்களும் வருகிறார்கள். கற்றுக்கொடுப்பவர் மீனவர். முளைவிட்ட நீண்ட விதையை எவ்வளவு ஆழம் ஊன்றுவது, எந்த இனம் சேற்றோரம், எந்த இனம் உள்ளே, அலை எப்போது ஏறும் என்று அவர் சொல்ல, வந்தவர் முழங்கால் சேற்றில் நின்று கேட்டுக்கொள்கிறார். மீனவப் பெண்களின் குழு கழுதைமுள்ளி இலையில் தேநீர் செய்து விற்கிறது. சற்றே கசப்பு, பின்னால் ஒரு புல் வாசம். இரண்டு குவளை குடித்தேன்.

என்னோடு வந்த தமிழ் இளைஞர் மொழிபெயர்க்க, எழுபது வயது மீனவர் ஒருவர் கைவிடப்பட்ட இறால் குட்டை ஒன்றைக் காட்டினார். "இங்க மட்டும் நட்டது நிக்கல. கரை போட்டு அடைச்சிட்டதால தண்ணி ஏறி இறங்கல. வெயில்ல உப்புப் பூக்குது."

தமிழ்நாட்டுப் பிச்சாவரத்துக் கண்டல் காட்டிலும் இதே பிரச்சினை இருந்தது. மரம் வெட்டிய இடத்தில் நிலம் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பேறி எதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து, நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் என்று வெட்டினார்கள். அலை உள்ளே வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போனது. கரைகளில் நட்ட நாற்று பிழைத்தது. ஒரு குச்சியை எடுத்துச் சேற்றில் அதை வரைந்து காட்டினேன். மீன் முள்ளைப்போல இருந்த அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவர் குச்சியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். முதன்மை வாய்க்காலின் வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், எவ்வளவு அகலம், வண்டல் மூடினால் யார் தூர்வாருவது என்று அடுக்கடுக்காகக் கேட்டார். பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

"அதை வெட்டின ஆளு யாராச்சும் அங்க இருக்காங்களா? வந்து காட்டுவாங்களா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"வந்தா ஒரு வாரம் பத்தாது," என்றார் அவர், குட்டையின் கரையை அளப்பதுபோல் நடந்துகொண்டே. "பெரிய அலை ஒண்ணும் சின்ன அலை ஒண்ணும் பாக்கணும். வீடு இருக்கு, சோறு இருக்கு. படகு ஓட்ட நான் சொல்லித்தர்றேன்."